எண்பத்தோராவது எழுத்து

நாம் வாழும் தண்டையார்பேட்டையின் பெயர், வாய்க்கு வாய் மாறித் திரிந்த பெயர் என்பர் பெரியோர். தொண்டிக்கு அருகிலுள்ள குணங்குடியில் 1792-இல் பிறந்து, சென்னை இராயபுரத்தில் தங்கி, 1838-இல் மறைந்தவர் குணங்குடி மஸ்தான் சாகிபு அவர்கள். தொண்டியிலிருந்து வந்தமையால் மக்கள் அவர்களைத் ‘தொண்டியார்’ என்றழைத்தனர். அவர்களின் நினைவாகத் தொண்டியார்பேட்டை என வழங்கிய ஊர், நாவிலும் ஏட்டிலும் புரண்டு புரண்டு தண்டையார்பேட்டையாக நின்றுவிட்டது என்பது வழிவழிச் செய்தி. எழுத்து மாறியதால் நமக்கு யாதொரு குறையுமில்லை. அஞ்சல்காரர் வருகிறார், கடிதம் வந்து சேர்கிறது. மனிதர் பிழையைத் தாமே திருத்திக்கொண்டு பொருளைக் கொள்ளும் இயல்பினர். ஆனால், ஓரெழுத்துக் குறைந்தமைக்காக ஒரு குடும்பத்தையே மூன்றிரவு உறங்கவிடாத இயந்திரம் ஒன்றைப் பற்றி ஈண்டு எழுத வந்தோம்.

2021-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். கொரோனாவின் காரணமாகக் கம்ப்யூட்டர் தொழில் செய்வோர் வீட்டிலிருந்தே பணியாற்றி வந்த காலம். நம் தங்கையும் அவர் மகனும், மைத்துனர் மறைந்த நாள்தொட்டு நம் இல்லத்தின் மாடியிலேயே குடியிருக்கின்றனர். அப்பிள்ளையை, நாம் ஓதிய வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்துக்கே அனுப்பி ஆலிமாக்க வேண்டுமென்பது நம் ஆவல். அவனோ மேல்நிலைப் பள்ளியில் அரசு வழங்கிய இலவச மடிக்கணினியைக் கையில் வாங்கிய நாளிலேயே வேறு வழியில் சென்றுவிட்டான். அக்கணினியில், சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையத்தார் உருவாக்கிய ‘பாஸ் லினக்ஸ்’ இருந்தது. மற்றப் பிள்ளைகள் படம் பார்த்துக்கொண்டிருக்கையில், இவன் அந்த லினக்ஸைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். நாம் கடிந்துகொண்டதுண்டு. அதன்பின் ஈராண்டுக் காலம் நம்மிடம் அவன் பேச்சு, “சாப்பிட்டீங்களா மாமா” என்பதற்கு மேல் நீண்டதில்லை.

பட்டப்படிப்பு முடிந்ததும் ஒரு நிறுவனத்தில் மெயின்ஃப்ரேம் பிரிவில் பயிற்சியாளனாகச் சேர்ந்தான். மெயின்ஃப்ரேம் என்பது வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் நம்பியிருக்கும் பெருங்கணிப்பொறி. ஐ.பி.எம். நிறுவனத்தார் 1964 ஏப்ரல் 7-ஆம் நாள் அறிவித்த ‘சிஸ்டம்/360’ என்னும் குடும்பத்தின் வழித்தோன்றல். அன்று எழுதிய நிரல்கள் பல இன்றைய இயந்திரத்திலும் ஓடுகின்றன என்றான் மருமகன். நம் சென்னை மாநகருக்கும் இவ்வினம் புதிதன்று. 1973-இல் கிண்டி ஐ.ஐ.டி.யில் 370/155 என்னும் பெருங்கணிப்பொறி நிறுவப்பட்டது. பின்னர் 1978-இல் ஐ.பி.எம். இந்தியாவை விட்டே வெளியேறியதும், தொண்ணூறுகளில் திரும்பி வந்ததும் வாசகர்கள் அறிந்த வரலாறு.

லினக்ஸோ முற்றிலும் வேறு குலம். 1991-இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தம் மேசைக் கணினிக்காக எழுதத் தொடங்கி, உலகோர் பலர் கைசேர்த்து வளர்த்த பொதுச் சொத்து. இதனைப் பெருங்கணிப்பொறியில் ஓட்டுவதற்கான நிரல்களை ஜெர்மனியின் போப்ளிங்கன் நகரிலுள்ள ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தார் 1999 டிசம்பரில் வெளியிட்டனர். ஒரே இயந்திரத்துக்குள் பல லினக்ஸ்கள், ஒன்றையொன்று அறியாமல், தத்தமக்குத் தனி இயந்திரம் உள்ளதாகவே எண்ணிக்கொண்டு வாழும். டேவிட் பாய்ஸ் என்பார் ஒரே பெருங்கணிப்பொறியில் 41,400 லினக்ஸ்களை ஏற்றிக் காட்டினார் என்பதைக் கேட்டு வியந்தோம். அவ்வாறு குடியமர்த்தும் மென்பொருளின் பெயர் இசட்/வி.எம். அதில் குடியேறும் ஒவ்வொரு லினக்ஸுக்கும் அத்தொழிலில் வழங்கும் பெயர் ‘கெஸ்ட்’, அதாவது விருந்தாளி. சத்திரத்தின் பெயர் கேள்விப்பட்டிராத நமக்கு, விருந்தாளி என்ற சொல் மட்டும் உடனே பிடித்துப்போயிற்று.

அவனிடம் ஒப்படைக்கப்பட்ட பணி, அப்படியொரு விருந்தாளியைக் குடியேற்றுவது. வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வாடிக்கையாளர் தரப்பினர் அதனைச் சோதித்துப் பார்ப்பதாக ஏற்பாடு. பயிற்சிக் காலம் முடியும் தறுவாய். இதில் தவறினால் அப்பிரிவில் இடமில்லை என்று மேலாளர் சொல்லியிருக்கிறார். இவற்றையெல்லாம் அவன் நம்மிடம் சொல்லவில்லை. வியாழன் இரவு நம் தங்கைதான் கீழே இறங்கி வந்து, “அண்ணே, புள்ளை மூணு நாளா சரியா சாப்பிடலை. ராத்திரியெல்லாம் திரையைப் பார்த்துக்கிட்டே இருக்கான். நீங்க கொஞ்சம் வந்து பாருங்க” என்றார்.

நாம் போய் என்ன செய்வது? நஹ்வு, ஸர்ஃபு சொல்லிக்கொடுத்துப் பிழைப்பவரிடம் நெட்வொர்க்கைப் பற்றிக் கேட்டால்? எனினும் படியேறினோம்.

முதலில், “ஒண்ணுமில்லை மாமா, லைன் சரியில்லை” என்றான். நம் பகுதியில் அப்படிச் சொன்னால் எவரும் நம்புவர். துறைமுகத்தின் ஜீரோ கேட்டுக்குச் செல்லும் கன்டெய்னர் லாரிகள் இரவெல்லாம் வரிசைகட்டி நிற்பதும், இடம் கிடைக்காத லாரி சந்துக்குள் நுழைந்து, தெருவின் குறுக்கே தொங்கும் கேபிளை அறுத்துக்கொண்டு போவதும் நமக்குப் பழக்கமே. திங்கள் இரவை அவன் அந்தச் சந்தேகத்திலேயே கழித்திருக்கிறான். உண்மையில் வீட்டு லைனில் குறையேதும் இருக்கவில்லை. நாம் நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்து, என்ன நடக்கிறதென்று முதலிலிருந்து சொல்லுமாறு கேட்டோம். நாம் போகப்போவதில்லை என்று கண்டபின், சொல்லத் தொடங்கினான்.

வீட்டுக் கணினியில் லினக்ஸை ஏற்றுவதென்றால் விசைப்பலகையும் திரையும் பக்கத்திலேயே இருக்கும், குறுந்தட்டையோ யு.எஸ்.பி.யையோ செருகினால் ஆயிற்று. நெட்வொர்க் வேலை செய்யாவிட்டாலும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பெருங்கணிப்பொறியிலோ நெட்வொர்க்தான் முதற்படி. இயந்திரம் வேறொரு நகரில் இருக்கிறது. இவன் கையிலிருப்பது, ஒரு வரி எழுதினால் ஒரு வரி விடை சொல்லும் பழைய பாணித் திரை மட்டுமே. முதலில் மூன்று சிறு கோப்புகளை உள்ளே அனுப்ப வேண்டும்: லினக்ஸின் கருவாகிய கெர்னல், அதற்குரிய கட்டளைக் குறிப்புகள் அடங்கிய ‘பார்ம்ஃபைல்’, தற்காலிகக் கோப்புத் தொகுதி. அவற்றைக் கொண்டு அரைக்கண் திறந்த லினக்ஸ், தானே நெட்வொர்க்கைத் தொட்டு, வேறொரு சர்வரிலுள்ள பெருந்தொகுப்பை இழுத்துக்கொண்டு வர வேண்டும். நம் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களை நினைத்துக்கொண்டோம். சிறு படகில் போகும் பைலட் ஏணி பிடித்து ஏறினாலல்லவா கப்பல் உள்ளே வர முடியும்? படகு போகவில்லையெனில் கப்பலில் எத்தனை டன் சரக்கிருந்தும் பயனில்லை.

செவ்வாய் இரவில் இரண்டு முட்டுக்கட்டைகளை அவனே நீக்கியிருந்தான். முதலாவது, அனுமதியின்மை. விருந்தாளிகள் யாவரும் வெளியுலகை அணுகுவது ‘வர்ச்சுவல் ஸ்விட்ச்’ வழியாக. பெட்டியாகக் கண்ணுக்குத் தெரியாமல், நிரலாகவே இருக்கும் இணைப்பு நிலையம் அது. அதில் நுழைய இந்த விருந்தாளியின் பெயருக்கு அனுமதி எழுதப்படவில்லை. பொறுப்பாளரைத் தொலைபேசியில் பிடித்து எழுதச் செய்தான். அதோடு தீர்ந்தது.

இரண்டாவது சற்று நுட்பமானது. பெருங்கணிப்பொறியின் நெட்வொர்க் அட்டைக்கு ஓ.எஸ்.ஏ. என்று பெயர். லினக்ஸ் அதனை ஒன்றல்ல, மூன்று எண்களால் அழைக்கிறது: படிக்க ஒன்று, எழுத ஒன்று, சரக்குக்கு ஒன்று. 0600, 0601, 0602 என்பது போல. முதலெண் இரட்டைப்படையாக இருத்தல் வேண்டும். இவை சரியாகவே இருந்தன. ஆனால், அந்த வழியில் இரண்டு விதப் போக்குவரத்து உண்டு. ஒன்றில், லினக்ஸ் தன் கடிதத்தைத் தானே உறையிலிட்டு, உறைமேல் முகவரியெழுதி ஒட்டியே கொடுக்கும். இதற்கு லேயர் 2 என்று பெயர். மற்றொன்றில், உறையில்லாமல் கடிதத்தை மட்டும் நீட்டும். உறையிடும் வேலையை ஓ.எஸ்.ஏ. அட்டை பார்த்துக்கொள்ளும், அது லேயர் 3. அங்கே ஸ்விட்ச், உறையிட்ட கடிதத்தை மட்டுமே ஏற்கும்படி அமைந்திருந்தது. இவன் கொடுத்த குறிப்பிலோ உறையில்லாத முறை. வழி திறக்க மறுத்துவிட்டது. குறிப்பில் ஓர் எண்ணை மாற்றியதும் திறந்தது.

“அப்புறம் என்னதான் தகராறு?” என்றோம்.

“அதுதான் தெரியலை மாமா. பக்கத்து கெஸ்ட்லேருந்து பிங் பண்ணினா பதில் வருது. இங்கேருந்து பண்ணினா வரலை. இன்ஸ்டாலேஷன் சர்வரையும் தொட முடியலை.”

பிங் என்பது, ‘இருக்கிறாயா?’ என்று ஒரு கணினி மற்றொன்றைக் கேட்டு, ‘இருக்கிறேன்’ என்ற மறுமொழிக்குக் காத்திருக்கும் சிறு நிரல். 1983 டிசம்பரில் மைக் மூஸ் என்னும் அமெரிக்கர் எழுதியது. நீர்மூழ்கிகளைக் கண்டறிய கடலுக்குள் அனுப்பும் ஒலியின் பெயரையே அதற்கு இட்டாராம். கடலோரத்தில் வாழும் நமக்கு இதை விளக்க அவன் அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

ஆக, அண்டை வீட்டாருடன் பேச்சு இருக்கிறது. தெருவைத் தாண்டிப் பேச்சில்லை. தெருவைத் தாண்டுவதற்கு ஒரு வாயில் உண்டு. கேட்வே என்பர். தன் தெருவில் இல்லாத முகவரிக்கான கடிதங்கள் யாவற்றையும் விருந்தாளி அந்த வாயிலிடம் ஒப்படைக்கும். ஆகவே ஐயம் வாயிலின்மேல் விழுந்தது. வாயிலுக்குப் பொறுப்பானவர், வாயில் சரியாக இருக்கிறது, மற்ற விருந்தாளிகள் யாவரும் அதன் வழியாகத்தான் போய்வருகிறார்கள் என்று உறுதியாகச் சொல்லிவிட்டார். தாம் கொடுத்த முகவரி சரியா என்று அவன் கேட்டதற்கு, சரியே என்றார். அவன் நோட்டுப் புத்தகத்தில் எழுதியிருந்ததும் அதுவே. பார்ம்ஃபைலில் அடித்திருந்ததும் அதுவே. இருபது முறை பார்த்துவிட்டதாகச் சொன்னான். நம்முன் இருபத்தோராம் முறையும் பார்த்தான்.

அரபு இலக்கணத்தில் ‘ஆமில்’ என்றொன்று உண்டு. ஒரு சொல்லின் ஈற்றில் ஒலி மாறினால், அம்மாற்றத்தைச் செய்தது அதற்கு முன்னே நிற்கும் வேறொரு சொல்லாக இருக்கும். மாணவர்கள் ஈற்றையே வெறித்துப் பார்த்து, அதைத் திருத்தித் திருத்தி எழுதுவர். ஆமில் எதுவெனக் கேட்டால் விழிப்பர். முப்பதாண்டுகளாக இந்தக் கேள்வியைக் கேட்டே நம் தொண்டை தேய்ந்திருக்கிறது. அவன் முகத்தைக் கண்டபோது, ஆமில் தெரியாமல் நிற்கும் மாணவனின் முகமே நினைவுக்கு வந்தது. அதைச் சொல்லி அவனைச் சோதிக்கும் நேரமா அது? நமக்குத் தெரிந்த இன்னொரு வேலையைச் சொன்னோம். முகாபலா செய்து பார்க்கலாமா என்றோம்.

கையெழுத்துப் படிகளின் காலத்தில், நகலெடுத்து முடித்ததும் இருவர் அமர்வர். ஒருவர் அசலை உரக்க வாசிப்பார். மற்றவர் நகலைப் பார்த்து வருவார். இதற்கே முகாபலா என்று பெயர். தனியொருவன் இரண்டையும் பார்த்தால் கண் ஏமாற்றும். தான் எதிர்பார்ப்பதையே படித்துவிடும். புள்ளி இடம்மாறியதால் நேரும் பிழைக்குத் தஸ்ஹீஃப் என்றும், எழுத்தோ சொல்லோ விடுபட்டுப் போவதற்கு ஸக்து என்றும் அவ்வறிஞர்கள் தனித்தனிப் பெயர் வைத்திருந்தனர் என்றால், எத்தனை பிழைகளைப் பார்த்திருப்பர்!

அவன் தயக்கத்துடன் ஒப்புக்கொண்டான். மாமன் மனம் நோகக்கூடாதென்றே ஒப்புக்கொண்டிருப்பான். நோட்டுப் புத்தகத்தை அவன் எடுத்துக்கொண்டான். திரையை நம் பக்கம் திருப்பினான். அப்போது நாம் ஒரு கேள்வி கேட்டோம். கேட்டதில் மேதைமை ஏதுமில்லை; முகாபலாவுக்கு அமரும் எவரும் கேட்பதே. திரையில் இருப்பது நீ எழுதியதா, அந்த இயந்திரம் படித்ததா?

“இது என் லேப்டாப்புல நான் அடிச்சது மாமா. இதைத்தான் அங்கே அனுப்பினேன்.”

அப்படியானால் இதுவும் அசல், உன் கையிலிருப்பதும் அசல். அசலை அசலோடு ஒப்பிட்டு என்ன பயன்? அங்கே போய்ச் சேர்ந்த நகல் எங்கே என்றோம்.

சற்று நேரம் பேசாதிருந்தான். பிறகு அந்தப் பழைய பாணித் திரையைத் திறந்தான். லினக்ஸ் கண் விழிக்கும்போது நூற்றுக்கணக்கான வரிகளை மளமளவென்று கொட்டும். அவற்றின் தொடக்கத்தில், தனக்குக் கிடைத்த கட்டளைக் குறிப்பையும் தானே ஒருமுறை எழுதிக்காட்டும் என்றான். மேலே மேலே தள்ளி, அந்த வரியைக் கண்டுபிடித்தான். நாம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஆங்கில எழுத்து ஒவ்வொன்றாக, எண் ஒவ்வொன்றாக, சிறுபிள்ளைக்கு அலிஃப் பே சொல்லிக்கொடுப்பது போல வாசித்தோம். விருந்தாளியின் பெயர் சரி. அதன் முகவரி சரி. மூன்று எண்கள் சரி. கேட்வே: பத்து, புள்ளி, இருபது, புள்ளி, முப்பது, புள்ளி, இருபத்தைந்து.

“இருநூத்தி ஐம்பத்து நாலு” என்றான், நோட்டைப் பார்த்தபடியே.

இங்கே இருபத்தைந்துதான் இருக்கிறது என்றோம்.

நாற்காலி பின்னால் சாய, எழுந்து வந்து பார்த்தான். 10.20.30.254 என்றிருக்க வேண்டிய வாயிலின் முகவரி, 10.20.30.25 என்று நின்றது. கடைசி 4 இல்லை. இருபத்தைந்து என்பதும் முறையான முகவரியாதலால் இயந்திரம் முகஞ்சுளிக்கவில்லை. அந்த எண்ணில் எவருமே குடியிருக்கவில்லை என்பது அதற்கெப்படித் தெரியும்? வெளியிலிருந்து வந்த கேள்வி விருந்தாளியை அடைந்திருக்கிறது. விருந்தாளி மறுமொழியும் எழுதியிருக்கிறது. எழுதியதை, ஆளில்லாத வாசலில் கொண்டுபோய் நீட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

4 எங்கே போயிற்று? அவன் தன் கோப்பில் அந்த வரியின் எழுத்துகளை விரல்விட்டு எண்ணினான். எண்பத்தொன்று. “கார்டு!” என்றான், சற்று உரக்கவே. தங்கை பதறி எழுந்து வந்தார்.

விளக்கத்தைக் கேட்டபோது நமக்குச் சிரிப்பும் வந்தது, வியப்பும் வந்தது. பெருங்கணிப்பொறிக்குள் கோப்புகளை அனுப்பும் அந்த வாசலுக்கு இன்றும் ‘ரீடர்’ என்றே பெயர். அதில் இடுவதற்குப் ‘பஞ்ச்’ என்றே பெயர். துளையிட்ட அட்டைகளைப் படித்த பழைய கருவியின் பாவனை அது. கருவி போய்விட்டது, அட்டையும் போய்விட்டது, அட்டையின் அளவு மட்டும் போகவில்லை. ஒரு வரிக்கு எண்பது எழுத்து. எண்பத்தோராவது எழுத்துக்கு அட்டையில் இடமில்லை. சத்தமின்றி வெட்டுண்டு போகும். வழிகாட்டி நூலில் இது எழுதியிருக்கிறதாம். படித்தும் இருக்கிறானாம். உறைமுறையை மாற்றும் அவசரத்தில் அதே வரியில் ஒரு சொல்லைச் சேர்த்ததால் வரி நீண்டுவிட்டது. ஒரு பிழையைத் திருத்திய கையே அடுத்ததைச் செய்திருக்கிறது. எழுத்துப் பணியில் இருப்போர் எவரும் இதற்காக அவனைக் கடிய மாட்டார்.

நாம் கீழே இறங்கிப் போய், நம் ‘ஹிதாயத்துன் நஹ்வு’ நூலை எடுத்து வந்தோம். அதில் அடையாளத்துக்கு வைத்திருப்பது ஒரு பழுப்பு அட்டை. நாம் ஓதிக்கொண்டிருந்த நாட்களில், துறைமுகத்தையொட்டிய ஓர் அலுவலகத்தில் பஞ்ச் ஆபரேட்டராக இருந்த நம் தெருப் பெரியவர் ஒருவர், மர்ஹூம், விடுமுறையில் வந்திருந்த நமக்குக் கொடுத்தது. அலுவலகத்தில் கட்டுக்கட்டாக வீணாகிக் கிடக்கிறது, கிதாபுக்கு வைத்துக்கொள் என்றார். நாற்பதாண்டு நெருங்க அந்த நூலிலேயே கிடக்கிறது. மருமகன் அதை விளக்கின் அருகே பிடித்துப் பார்த்தான். அடியில் பொடி எழுத்தில் 1 முதல் 80 வரை எண்கள் அச்சிட்டிருந்தன. அவ்வளவு நாள் அந்த எண்களை நாம் கவனித்ததில்லை. எண்பது வரிசை கொண்ட இவ்வட்டையை ஐ.பி.எம். 1928-இல் வெளியிட்டது என்று அவன் சொன்னான். தொழிலுக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் பாடமாக இதைக் கேட்டபோது கொட்டாவி விட்டானாம்.

வரியை இரண்டாக உடைத்தான். மூன்று கோப்புகளையும் மீண்டும் ரீடரில் இட்டு, விருந்தாளியை எழுப்பினான். இம்முறை திரையில் கொட்டிய வரிகளை அவன் பார்க்கவில்லை. நாமே வாசித்துச் சொல்ல வேண்டுமென்றான். கேட்வேயின் கடைசி எண் இருநூற்று ஐம்பத்து நான்கு என்று வாசித்தோம். சில விநாடிகள் ஒன்றுமில்லை. பிறகு தூரத்து சர்வரிலிருந்து கோப்புகள் வரத் தொடங்கின. கப்பல் உள்ளே வருகிறது என்றோம். அவனுக்கு உவமை புரியவில்லை, சொல்லவும் அவகாசமில்லை.

அப்போது மணி மூன்றரை. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் லாரிகளின் ஓசை அடங்கவில்லை. தங்கை சுடச்சுடத் தேநீர் கொண்டுவந்து வைத்தார். இதே வேலையை எங்கே பழகினாய் என்று கேட்டோம். ரிச்சி தெருவில் வாங்கிய பழைய கணினியில், ‘ஹெர்குலிஸ்’ என்னும் இலவச நிரலை ஏற்றிப் பழகினேன் என்றான். ரோஜர் பவுலர் என்பார் 1999-இல் வெளியிட்ட நிரல்; சாதாரணக் கணினிக்குள் பெருங்கணிப்பொறியைப் போலவே நடித்துக்காட்டுமாம். கல்லூரிக் காலத்தில் மாடியறையில் இரவெல்லாம் விளக்கெரிவதைக் கண்டு, மின்கட்டணத்தைச் சொல்லி நாம் சத்தமிட்டது நினைவுக்கு வந்தது. அவனும் அதை நினைத்திருப்பான்; சொல்லவில்லை. நாமும் சொல்லவில்லை. பேச்சு ஆமிலைப் பற்றித் திரும்பியது. ஈற்றெழுத்தை மாற்றுவது முன்னே நிற்கும் சொல் என்பதைக் கேட்டு, இரண்டு எடுத்துக்காட்டு கேட்டு வாங்கி, நோட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டான். பத்து வயதில் நம்மிடம் ஓதிய பிறகு அவன் அரபு எழுத்து எழுதி நாம் பார்த்தது அன்றுதான். கையெழுத்து கெட்டுப்போயிருக்கிறது.

விடிவதற்குள் நிறுவல் முடிந்தது. எட்டு மணிக்குக் குளித்துச் சட்டை மாற்றிக்கொண்டு, திரைக்குமுன் அமர்ந்தான். ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் செய்தி வந்தது: வாடிக்கையாளர் தரப்பில் ஒருவருக்கு வசதிப்படாததால் சோதனை திங்கட்கிழமைக்கு ஒத்திவைக்கப்பட்டுள்ளது. மூன்றிரவு உறங்காதவன், சட்டையைக்கூடக் கழற்றாமல் அப்படியே பாயில் சாய்ந்தான்.

திங்களன்று சோதனை நன்றாகவே நடந்தது. அடுத்த மாதம் பணியும் உறுதியாயிற்று. அந்த அட்டையைத் தன் மேசையில் வைத்துக்கொள்ளக் கேட்டான். பெரியவர் நமக்குத் தந்தது, தர மனமில்லை. வேண்டும்போது மாடியிலிருந்து இறங்கி வந்து பார்த்துக்கொள் என்று சொல்லியிருக்கிறோம். வருகிறான்.